சிறுநீரகத்துக்கு ஒரு பார்சல்

முதலில் வந்தது விக்கல்.

கண்டி டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் நான் வேலை செய்கிறேன். காலையில் இடியப்பம் பிழிவது, பிறகு சோறு வடிப்பது, பகலில் சோத்துப் பார்சல் கட்டுவது. முன்னால் நின்று ஆட்களோடு பேசும் வேலை எனக்கு வராது. புது முகத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலாளி அதைப் புரிந்துகொண்டு என்னைப் பின்பக்கமே விட்டுவிட்டார்.

அன்று பகல் பார்சல் கட்டும்போது விக்கல் பிடித்தது. தண்ணீர் குடித்தேன். மூச்சை அடக்கினேன். ஒரு கரண்டி சீனியை வாயில் போடச் சொன்னார்கள். எனக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்பதால் போடவில்லை. விக்கல் நிற்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விக்கல் வந்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பார்கள். நினைப்பவரின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் விக்கல் நின்றுவிடுமாம். ரொட்டி போடும் சிவா ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தான். என் மனைவி, மகள், நாவலப்பிட்டியில் இருக்கும் அக்கா. எதற்கும் நிற்கவில்லை.

“அண்ணே, வீட்டு ஆளுங்க பேரெல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே வெளி ஆளு பேரு. அத நீங்கதான் சொல்லணும்,” என்றான்.

அடுப்படி முழுக்கச் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு பார்சல் கட்டினேன். மறுநாளும் விக்கல் இருந்தது. அதற்கு அடுத்த நாள் யாரும் சிரிக்கவில்லை.

விக்கலோடு வாந்தி வந்தது. இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் வலித்தது. சிறுநீர் குறைந்துகொண்டே போய், ஒரு நாள் சுத்தமாக வரவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. வெளியே சொல்லும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் மறையாமல் இருந்ததைப் பார்த்து அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் என்னைப் போல இருக்காதீர்கள். சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு நீள வாங்கு இருந்தது. இரத்தம் எடுத்த பிறகு அதில் உட்கார்ந்திருந்தோம். சிறிது நேரத்தில் ஒரு மிஸ்ஸி (தாதி) என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார். பிறகு என்னை நடக்கவிடவில்லை. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப் போனார்கள். நடந்து வந்த ஆளை ஏன் தள்ளுகிறார்கள் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

என்னைப் பார்த்த டொக்டர் ஒரு பெண். யாழ்ப்பாணத்துக்காரர். இரத்தத்தில் கிரியற்றினின் (தசைகளிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வெளியே தள்ளவேண்டும்) மிகவும் ஏறிவிட்டது என்றார். பொட்டாசியம் (பழங்களிலும் காய்களிலும் இருக்கும் ஒரு உப்பு, அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும்) அதுவும் ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் திடீரென்று வேலையை நிறுத்திவிட்டன.

“நாட்டு மருந்து, கசாயம் எண்டு ஏதும் குடிச்சனீங்களோ அண்ணை?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். மனைவியும் இல்லை என்றாள். நோவு மாத்திரை ஏதாவது? இல்லை. எலிக் காய்ச்சல் தொற்றும்படி, எலி திரியும் இடத்தில் வெறுங்காலோடு நின்றீர்களா? இல்லை. நாங்கள் இருவரும் பொய் சொல்லவில்லை. மருந்து என்று எதையும் நான் குடிக்கவில்லை.

அன்று என் கழுத்தில் ஒரு குழாய் போட்டார்கள். டயாலிசிஸ் (இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, இயந்திரத்தில் வடிகட்டித் திரும்ப உள்ளே விடுவது) தொடங்கியது. என் இரத்தம் என் கண்ணெதிரே குழாயில் வெளியே போவதைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். குளிர் எலும்புவரை ஏறியது.

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். திகனையில் துணிக்கடை வைத்திருக்கும் ஹனீபா நானா (முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள்). அவருடைய சிறுநீரகங்கள் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போனவை. அவருக்கு அந்த இயந்திரம் பழகிவிட்டது.

“மொத நாள் அப்படித்தான் ஈக்கும் தம்பி. ரத்தம் எங்கயும் ஓடிப் போகாது. நான் திகனைல இருந்து கண்டிக்கு வந்திட்டுப் போற மாதிரி, அதுவும் போயிட்டு வந்திரும்,” என்றார்.

நான் சிரித்தேன். விக்கல் அன்று மாலை நின்றது. சிவா சொல்லாமல் விட்ட பெயர் அந்த இயந்திரத்தின் பெயராக இருக்கும்.

காரணம் தெரியாததால் பயொப்ஸி (முதுகு வழியாக மெல்லிய ஊசி செலுத்திச் சிறுநீரகத்தில் ஒரு சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். முடிவு வந்த அன்று மனைவி என் கட்டிலருகே இருந்தாள். டொக்டர் வந்து நின்று, இந்த முறை வேறு மாதிரிக் கேட்டார்.

“காமரங்கா சாப்பிட்டனீங்களோ? சாறு பிழிஞ்சு குடிச்சனீங்களோ?”

மனைவி புஷ்பாவின் கை என் போர்வையை இறுக்கிப் பிடித்தது.

நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு காமரங்கா (குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல இருக்கும் புளிப்புப் பழம்) மரம் நிற்கிறது. அந்த வருடம் கிளை முறியக் காய்த்தது. வீட்டுக்கார நோனா (வீட்டுச் சொந்தக்காரச் சிங்கள அம்மா) நல்ல மனுசி. ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்து, சாறு குடித்தால் சீனி இறங்கும் என்று புஷ்பாவிடம் சொன்னார். புஷ்பா காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் தந்தாள். புளிப்பும் உப்புமாக, அடுப்படி வெக்கைக்குப் போகும் முன் குடிக்க நன்றாக இருந்தது. நான் இரண்டாவது கிளாஸ் கேட்டேன். அடுத்த நாளும் கேட்டேன். காய் முடியும்வரை அப்படித்தான் நடந்தது.

டொக்டர் மருந்து குடித்தீர்களா என்று கேட்டார். நாங்கள் குடித்ததோ பழம். எங்களுக்கு இரண்டும் வேறு வேறு.

காமரங்காவில் ஒட்சலேற்று (சில காய்களில் இருக்கும் புளிப்பு உப்பு) மிக அதிகம். வெறும் வயிற்றில், நீர் வற்றிய உடம்பில், இவ்வளவு சாறு போனால் அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கண்ணாடித் துகள் போலப் படிந்துவிடுமாம். சீனி வருத்தக்காரருக்கு ஆபத்து இன்னும் அதிகம். விக்கல் வந்ததும் அதனால்தான் என்றார். அவர் திட்டவில்லை. இப்படி வருகிறவர்கள் நாங்கள் முதலாவது இல்லை என்று மட்டும் சொன்னார்.

“சிறுநீரகம் திரும்ப வருமா?” என்று புஷ்பா கேட்டாள்.

“வரலாம். சிலருக்கு வருது, சிலருக்கு வாறதில்லை. குழாய்க்குள்ள இருக்கிற கலங்கள், செல் எண்டு சொல்லுறது, செத்த இடத்தில புதுசா வளரோணும். அதுக்குக் காலம் குடுக்கோணும். அதுவரைக்கும் மெசின்.”

புஷ்பா அதில் பாதியைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். சிலருக்கு வருவதில்லை என்பது மட்டும் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு அனுப்பினார்கள். கிழமைக்கு (வாரத்துக்கு) சில நாட்கள் பஸ்ஸில் போய் இயந்திரத்தில் உட்கார்ந்து வருவது என்று ஆனது. தண்ணீரை அளந்து குடிக்கவேண்டும். வாழ்நாள் முழுக்க அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதிக்க வைத்தவன் நான். இப்போது ஒரு சிறிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது குடிக்கலாமா, பொறுத்துக் குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புஷ்பா என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டாள். முன்பெல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். ஒரு நாள் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்தச் சின்னக் கத்தியால் காமரங்கா மரத்தை வெட்ட முடியாது என்று தெரிந்து திரும்பி வந்து, உருளைக்கிழங்கை நறுக்கி, அதை நீரில் ஊறவைத்தாள் (பொட்டாசியம் குறைவதற்காக அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்கள்). நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். அந்த நேரத்தில் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும்.

ஊசியைப் பற்றி முதலில் சொன்னவர் ஹனீபா நானாதான்.

யாரோ சொந்தக்காரர் மூலம் கேள்விப்பட்டாராம். மூலக் கலத்திலிருந்து (ஸ்டெம் செல், பல வகைக் கலங்களாக வளரக்கூடிய தாய்க் கலம்) எடுக்கிற ஒரு மருந்து. ஊசியாகப் போட்டால் கெட்ட சிறுநீரகம் புதிதாகிவிடும். வெளியூரில் ஒரு இடத்தில் போடுகிறார்கள். அவர் போவதாக முடிவு செய்துவிட்டார்.

“எத்தின வருசம் தம்பி இந்தக் கதிரைல குந்திட்டு ஈக்கிற? போய்த்தான் பாப்பமே. நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் போனா கதைச்சிட்டுப் போகலாம். நீங்க கதைக்க மாட்டீங்க. நான் கதைப்பேன், நீங்க கேளுங்க.”

அதை வீட்டில் சொன்னது என் பிழை. மகள் சுகந்தி தன் ஃபோனில் தேடினாள். அந்த மருந்தின் பெயர் நுண்பைகள் (கலம் தன் தோலிலிருந்தே கிள்ளி வெளியே விடும், கண்ணுக்குத் தெரியாத பைகள்) என்று வாசித்துச் சொன்னாள். கறுப்புப் பின்னணியில் ஒளிரும் சின்னச் சின்ன உருண்டைகளின் படம் இருந்தது. ஆராய்ச்சியில் நல்ல பலன் தெரிகிறது என்று பல இடங்களில் போட்டிருந்தது. சுகந்திக்கும் பாதிதான் விளங்கியது.

புஷ்பா நானாவிடமிருந்து நம்பர் வாங்கி, ஊசி போடும் இடத்து ஆளிடம் தானே பேசினாள். அவன் வாய்க்கு வாய் அம்மா, அம்மா என்றான். நூற்றுக்கு நூறு என்றான். ஒன்று மட்டும் கவனம் என்றான். ஊசிக்கு முன்னும் பின்னும் டயாலிசிஸ் செய்யக்கூடாது; செய்தால் மருந்தையும் மெசின் கழுவி எடுத்துவிடும். புஷ்பா அடுத்த கிழமைக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அன்றே அலுமாரியைத் திறந்து என் உடுப்பை ஒரு பையில் அடுக்கினாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. ஒரு முறை இயந்திரத்துக்குப் போகப் பிந்தியபோதே மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டேன். ஆனால் போகமாட்டேன் என்று சொன்னால் அவள் முகம் மறுபடி இருண்டுவிடும். அவளுக்காகவாவது போய்வரலாம் என்று நினைத்தேன். நோயாளிகளுக்கு இது விளங்கும். சில வைத்தியங்களை நாம் நமக்காகச் செய்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்களின் முகத்துக்காகச் செய்கிறோம்.

அடுத்த முறை இயந்திரத்தில் இருந்தபோது டொக்டர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போகும் நேரத்தில் “டொக்டர்” என்றேன். நானாகப் பேச்சைத் தொடங்கியது அவருக்கே ஆச்சரியம். நின்றார். அன்று நானாவின் முறை இல்லை, அவர் கதிரை காலியாக இருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “நீங்கள் என்ன வேலை அண்ணை?” என்று கேட்டார். சொன்னேன்.

“பார்சல் கட்டுறனீங்களோ? அப்ப உங்களுக்கு லேசா விளங்கும். பசிக்கிற ஆளின்ர வீட்டுக்குச் சமையல்காரன் போறதில்லை, பார்சல்தானே போகுது? இதுவும் அப்பிடித்தான். மூலக் கலம் தான் போகாமல் ஒரு சின்னப் பையைக் கட்டி அனுப்புது. அதுக்குள்ள, திரும்ப வளரு, வீக்கத்தைக் குறை எண்டு காயப்பட்ட கலத்துக்குச் சொல்லுற சாமான்கள் இருக்கு. அந்தப் பையை மட்டும் பிரிச்செடுத்து மருந்தாக் குடுக்கலாமோ எண்டு உலகம் முழுக்க ஆராயினம்.”

“அப்ப அது உண்மையா டொக்டர்?”

“ஓம், உண்மை. சிறுநீரகம் காயப்பட்ட எலிகளில நல்லா வேலை செய்யுது. ஆக்களில இப்பதான் சோதிச்சுப் பாக்கினம். ஊசியில போட்டால் கனக்கப் பைகள் ஈரலிலதான் போய் நிக்குது, சிறுநீரகத்துக்குப் போறது கொஞ்சம். எவ்வளவு குடுக்கிறது, எத்தினை தரம் குடுக்கிறது எண்டு முடிவில்லை. ஒரு இடத்தில செய்யிற பை மற்ற இடத்தில செய்யிறது மாதிரி இல்லை.”

எங்கள் கடையில் மீன் பார்சலுக்கு ஒரு மடிப்பு, முட்டைக்கு ஒரு மடிப்பு, மரக்கறிக்கு ஒரு மடிப்பு. மடிப்பைப் பார்த்தால் உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. கொடுக்கிறவரை நம்பித்தான் வாங்குகிறார்.

அந்த ஊசிக்குள் என்ன இருக்கும் என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது. அதுதான் பயம். பொய் எண்டு நான் சொல்லேல்லை. இன்னும் வரேல்லை எண்டுதான் சொல்லுறன். வந்தால் நானே உங்களுக்குச் சொல்லுவன். ஆனால் மெசினை விட்டிட்டுப் போகாதேங்கோ. பொட்டாசியம் ஏறினால் ஊசி போடுறதுக்கு ஆள் இருக்கமாட்டியள்.”

எழுந்து போகும் முன் இன்னொன்று சொன்னார். நம் உடம்புக்குள் கலங்கள் எப்போதும் இப்படிப் பைகளை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றனவாம். காயப்பட்ட சிறுநீரகத்துக்குள்ளும் அது நடந்துகொண்டிருக்கும். உங்களுக்கு வருமா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் சிறுநீரகம் சும்மா இருப்பதாக நினைக்காதீர்கள் என்றார்.

அன்று குட்ஷெட் பஸ் நிலையத்தில் எங்கள் பஸ்ஸுக்காக நின்றபோது, டொக்டரிடம் பேசியதைப் புஷ்பாவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது.

“யாரக் கேட்டு அவங்ககிட்ட சொன்னீங்க? வாயத் தொறக்காத மனுசன், அங்க போய்த்தான் தொறக்கணுமா?”

பஸ் வந்தது. கூட்டமாக இருந்ததால் அதை விட்டுவிட்டோம். கடலைக்காரன் ஒருவன் எங்களைச் சுற்றிக்கொண்டு போனான். சிறிது நேரம் கழித்து அவள் குரல் இறங்கியது.

“நான் குடுத்துத்தாங்க இது வந்துச்சு. நானேதான மாத்தணும்? சும்மா பாத்துக்கிட்டு இருக்கச் சொன்னா எப்பிடி இருப்பேன்?”

அவள் அந்த ஊசியை எனக்காக மட்டும் தேடவில்லை என்று எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. சொல்லைத் தேடினேன். சுற்றிலும் ஆட்கள். வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. எப்படியோ பிரித்தெடுத்தேன்.

“ரெண்டாவது கிளாஸ் கேட்டது நான்தானே புஷ்பா. நீ ஒண்ணுதான் குடுத்த. சேர்ந்து செஞ்சதுதான். சேர்ந்தே பொறுத்திருப்போம்.”

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே, “கேக்கிறது ஒண்ணு. குடிக்கிறது ஒண்ணு. அந்தப் புளிப்ப எப்படித்தான் குடிச்சீங்களோ,” என்றாள். மறுநாள் காலை பையிலிருந்த உடுப்பு அலுமாரிக்குத் திரும்பியிருந்தது.

நானா போனார். போகும் முன் என்னிடம் வந்து, நீங்களும் வந்திருக்கலாம் தம்பி என்றார். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவருக்கும் டொக்டர் சொல்லியிருக்கிறார். “உங்களுக்குக் காத்திருந்தா வரும் என்டு ஒரு பேச்சாவது ஈக்கிது. எனக்கு அந்தப் பேச்சும் இல்லயே,” என்றார்.

நான் ஊசி போட்டிருக்கவேண்டிய அதே கிழமையில் ஒரு காலை, சிறுநீர் வந்தது. கொஞ்சம்தான். நிறமே இல்லாமல், பச்சைத் தண்ணீர் போல. அளந்து பார்க்கத் தந்திருந்த போத்தலில் பிடித்தேன். புஷ்பா அதை என் கையிலிருந்து பறித்து, குசினி யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“சுகந்தி, இங்க வந்து பாரு. அப்பாவுக்கு வந்திருச்சு.”

வளர்ந்த மகளைக் கூப்பிட்டு இதைக் காட்டுகிறாளே என்று எனக்கு உடம்பு கூசியது. சுகந்தி வந்து பார்த்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் ஒரு போத்தல் மூத்திரத்தைச் சுற்றி நின்றோம். அடுப்பில் ரொட்டி கருகியது.

அடுத்த நாள் கொஞ்சம் கூடியது. பிறகு மேலும் கூடியது. டயாலிசிஸின் இடைவெளி நீண்டது. ஒரு நாள் இன்று தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு கழுத்துக் குழாயையும் எடுத்தார்கள். முழுதாகத் திரும்பவில்லை. கிரியற்றினின் ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டது. இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டொக்டர்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பார்சல் சுற்ற வரும் பழைய பத்திரிகைகளை வாசித்து வாசித்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். பிழைகளைச் சுகந்தி திருத்தினாள். ஆனால் இந்த யோசனை நானாகத்தான் யோசித்தது.

அந்தக் கிழமை நான் அந்த ஊசியைப் போட்டு, எப்படியோ உயிரோடும் இருந்து, அதே காலை சிறுநீர் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஊசிதான் என்னைக் காப்பாற்றியது என்று சத்தியம் செய்திருப்பேன். கண்ணால் கண்டேன் என்று சொல்லியிருப்பேன். புஷ்பா கண்டி முழுக்கச் சொல்லியிருப்பாள். கேட்டவர்கள் இயந்திரத்தை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நாங்கள் யாரும் பொய் சொல்லியிருக்கமாட்டோம்.

ஒரு மருந்தைச் சோதிக்கும்போது அதைப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று டொக்டர் ஒரு முறை சொன்னார். அப்போது எனக்கு விளங்கவில்லை. நான் அதைப் பெறாத ஆள். எனக்கும் வந்தது.

நானா திரும்பி வந்தபோது முகமெல்லாம் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நேராக ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்து இயந்திரத்தில் போட்டார்கள். நல்ல காலம், தப்பிவிட்டார். நான் கிளினிக்குக்குப் போன நாளில் அவரைப் பார்க்கப் போனேன். அதே கதிரை. என் கழுத்தைப் பார்த்தார். குழாய் இல்லை. எனக்குக் குற்றம் செய்தவன் போல இருந்தது. சட்டைக் கொலரை இழுத்து மூடினேன்.

“மூடாதீங்க தம்பி. பாக்க நல்லா ஈக்கிது,” என்றார். பிறகு ஊசியைப் பற்றிச் சொன்னார். போட்ட அன்று உடம்பு மிகவும் லேசாக இருந்ததாம். அடுத்த நாள் இன்னும் லேசாக. அதற்கு அடுத்த நாள் கால் வீங்கத் தொடங்கியதாம். ஊசி போட்டவர்களுக்கு ஃபோன் எடுத்தால் யாரும் பேசவில்லையாம்.

“நீங்களும் என்னோட வந்து போட்டிருந்தா, இந்நேரம் நான் என்ன செல்லுவேன் தெரியுமா? தம்பிக்கு ஊசி பிடிச்சிச்சு, எனக்குப் பிடிக்கல்ல, இன்னொரு ஊசி போடுவம் என்டு போயிருப்பேன். நீங்க வராதது எனக்கும் நல்லதாப் போச்சு.”

அவரும் அதையே யோசித்திருக்கிறார்.

போக எழுந்தபோது கையைப் பிடித்தார். “அது நெசமா வந்திச்சு என்டா, உங்கட டொக்டர் செல்லுவாதானே? அன்டைக்கு எனக்குச் செல்லுங்க. மறந்திராதீங்க.”

சொல்கிறேன் என்றேன். நான் கொடுத்த வாக்குகளில் பெரியது இதுதான். அதனால் இப்போதெல்லாம் கிளினிக்குக்குப் போகும்போது, என் முடிவுகளைக் கேட்டு முடிந்ததும், அந்தப் பைகளைப் பற்றிக் கேட்கிறேன். டொக்டர் சிரிப்பார். இன்னும் இல்லை அண்ணை என்பார். அந்த ‘இன்னும்’ போதும் எனக்கு. அதை அப்படியே நானாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

கடைக்குத் திரும்பிவிட்டேன். அரை நாள் வேலை. வெக்கையில் நிற்கக்கூடாது என்பதால் பார்சல் மட்டும். புஷ்பா மாறிவிட்டாள். மார்க்கெட்டில் யாராவது காமரங்கா வாங்குவதைக் கண்டால் போதும், முன்பின் தெரியாதவரையும் நிறுத்தி, எங்கள் கதையை முழுதாகச் சொல்வாள். கொஞ்சம் சாப்பிடலாம், வெறும் வயிற்றில் சாறு குடிக்காதீர்கள், சீனி வருத்தமும் கிட்னி வருத்தமும் இருந்தால் தொடவே வேண்டாம் என்பாள். “அந்தா நிக்கிறாரே, அவருக்குத்தான்,” என்று என்னைக் காட்டுவாள். நான் அவளைத் தெரியாத ஆள் போல வெங்காயம் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கார நோனா விஷயம் தெரிந்து அழுதார். மரம் இன்னும் நிற்கிறது. அது என்ன செய்யும், பாவம்.

கிளினிக்குக்குச் சிறுநீர் கொண்டு போகவேண்டும். சிறிய போத்தலை, சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டில் சுற்றி, எந்தச் சாப்பாட்டுக்கும் இல்லாத ஒரு மடிப்பு மடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். சிறுநீரகத்தின் கலங்களும் பைகளை அனுப்புகின்றனவாம்; அவற்றில் கொஞ்சம் சிறுநீரோடு வெளியே வருமாம். உள்ளே நடப்பது அதில் இருக்கும் என்று டொக்டர் சொன்னார். முன்பு பெயர் சொல்லவே கூசிய ஒன்று. இப்போது என் உடம்பு எனக்குக் கொடுத்தனுப்பும் பார்சல் போல அதைப் பிடித்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் சாப்பாடு என்று நினைத்து மோப்பம் பிடிப்பது போலத் திரும்பிப் பார்ப்பார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன மாதம் ஒரு பகல், கடையில் பார்சல் மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு விக்கல் வந்தது.

அடுப்படியில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். சிவா ரொட்டி மாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். யாரும் பெயர் சொல்லவில்லை. நானும் அசையவில்லை. இரண்டாவது விக்கலுக்காகக் காத்திருந்தேன். முன்பு எனக்கு நேரம் என்றால் பகல் கூட்டம் வரும் நேரம், பஸ் போகும் நேரம். அந்த ஒரு விக்கலுக்குப் பிறகு இருந்த நேரம் வேறு. அதற்குள் என் முதுகின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்தது. அங்கே இரண்டு பேர் வேலை செய்வது போலவும், அவர்களை நான் தொந்தரவு செய்யக்கூடாது போலவும் இருந்தது.

இரண்டாவது வரவில்லை.

அன்று நானா இயந்திரத்தில் இருக்கும் நாள். ஃபோன் எடுத்துப் பேசுவது எனக்கு வராத காரியம். பின்கதவுப் படியில் நின்று நானாவுக்கு எடுத்தேன்.

“நானா, இப்ப என்னய நெனச்சீங்களா?”

“நெனச்சேன் தம்பி. இவங்க தார உப்பில்லாத சோத்தப் பாத்ததும் உங்கட பார்சல்தான் நெனப்பு வந்திச்சு. மீன் பார்சல்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அது வந்திச்சா?” என்றார்.

“இன்னும் இல்ல நானா.”

“சரி. நான் இங்கதான் ஈக்கிறேன்,” என்றார்.

உள்ளே வந்து, பாதியில் விட்ட பார்சலை மடித்தேன்.